கர்னல் போகி யார்?

நேயர்களுக்கு வணக்கம். இன்று ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றிப் பேசப் போகிறேன். போகி. கேட்டதும் சிலருக்கு ரயில் பெட்டி நினைவுக்கு வரும். சிலருக்குப் பொங்கலுக்கு முதல் நாள் விடியற்காலையில் பழைய பாயைக் கொளுத்தியது நினைவுக்கு வரும். நான் சொல்லவந்தது இரண்டையும் அல்ல. பண்டிகைக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ரயில் போகியை ஆங்கில அகராதிகள் வேறு சொல்லாகவே வைத்திருக்கின்றன. அங்கே அது சக்கரங்கள் பூட்டிய அடிச்சட்டத்துக்கு மட்டும்தான் பெயர். நாம்தான் பெட்டி முழுவதையும் போகி ஆக்கிவிட்டோம்.

என்னுடைய போகி ஒரு பேய். பெரிய பேய்கூட இல்லை, பிள்ளைகளை மிரட்டப் பெரியவர்கள் கூப்பிடும் பேய். நம் வீடுகளில் “சாப்பிடு, பூச்சாண்டி வருது” என்போமே, இங்கிலாந்தில் அந்த வேலையைச் செய்தவன் போகிமேன். அவனுக்குக் கொம்பு உண்டா, வால் உண்டா, எவ்வளவு உயரம் என்று யாரும் முடிவாகச் சொல்லவில்லை. சொல்லாததுதான் வசதி. எந்த வீட்டு இருட்டிலும் அவனை நிறுத்திவைக்கலாம்.

இந்தச் சொல்லுக்குப் பெரிய குடும்பம் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் போகிள் என்று ஒரு பேய். ஆங்கிலத்தில் 1500-ஐ ஒட்டியே இந்தச் சொல் எழுத்தில் வந்துவிட்டது. லங்காஷயர், யார்க்‌ஷயர் பக்கம் பாகர்ட் என்பது வீட்டில் புகுந்து பாத்திரத்தை உருட்டும் குறும்புப் பேய். இவற்றுக்கெல்லாம் மூத்தது பக். இன்று பூச்சிக்கும், கணினி நிரலில் வரும் பிழைக்கும் சொல்கிறோமே, அதே ஒலிதான். அன்றைக்கு அதற்கு அச்சுறுத்தும் உரு என்று பொருள். 1535-இல் மைல்ஸ் கவர்டேல் விவிலியத்தை ஆங்கிலத்தில் அச்சிட்டபோது, 91-ஆம் சங்கீதத்தில் இரவில் வரும் ‘பக்’குகளுக்கு நீ அஞ்ச வேண்டியதில்லை என்று மொழிபெயர்த்தார். பிற்காலத்தவர் அதைப் படித்துவிட்டு மூட்டைப்பூச்சியை நினைத்துச் சிரித்தார்கள். ‘பக் பைபிள்’ என்று பட்டப்பெயரும் வைத்தார்கள். பாவம், அவர் பேயைத்தான் சொன்னார்.

இங்கே எனக்கு ஓர் ஆசை எழுகிறது. தமிழிலும் பூச்சி காட்டுதல் என்றால் பயமுறுத்துதல். கண்ணன் ‘அப்பூச்சி காட்டுகின்றான்’ என்று பெரியாழ்வார் ஒரு பதிகமே பாடியிருக்கிறார். அங்கே பக், இங்கே பூச்சி, இரண்டுக்கும் அதே இரண்டு பொருள்! உடனே இரண்டும் ஒன்றுதான் என்று கிளம்பிவிடலாம். கிளம்பக் கூடாது, இது தற்செயல். இப்படிக் கிளம்பியவர்கள் கட்டிய கதை ஒன்று இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. இந்தோனேசியாவில் இருக்கும் சுலவேசித் தீவின் பூகிஸ் மக்கள் பேர்போன கடலோடிகள். அவர்களுக்குப் பயந்த ஐரோப்பிய மாலுமிகள் ஊர் திரும்பிச் சொன்ன பூகிஸ்தான் போகி ஆனது என்பது அந்தக் கதை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆங்கிலேயக் கப்பல்கள் அந்தத் தீவுப் பக்கம் எட்டிப்பார்ப்பதற்கு முன்பே போகிளும் பக்கும் ஆங்கிலத்தில் இருந்தன.

சரி, உருவமில்லாத பேய் ஊர் சுற்றாமல் இருக்குமா? ரேடார் திரையில் இன்னாருடையது என்று தெரியாத விமானப் புள்ளி தோன்றினால் அது போர் விமானிகளுக்குப் போகி. எதிரிதான் என்று உறுதியானதும் அந்தப் பெயர் போய், கொள்ளைக்காரன் என்னும் பொருளில் பாண்டிட் ஆகிவிடும். கால்பந்தில், எவ்வளவு நன்றாக ஆடினாலும் நம்மைத் தோற்கடித்துவிடும் அணி நமக்குப் போகி அணி. ஜெர்மனிக்கு இத்தாலி அப்படித்தான் இருந்தது. உலகக் கோப்பையிலும் ஐரோப்பியக் கோப்பையிலும் எத்தனை முறை மோதியும் ஜெர்மனி வென்றதே இல்லை. 2016-இல் பிரான்ஸின் போர்தோ நகரில் பெனால்டி உதைகள் வரை போய்த்தான் அந்தப் பேயை ஓட்டினார்கள். பிரிட்டிஷ் பிள்ளைகளிடம் போகி என்றால் மூக்கில் விரல்விட்டு எடுப்பது. அதை விரிவாகச் சொல்ல வேண்டாம்.

இனி கோல்ஃப். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். கோல்ஃபில் ஒவ்வொரு குழிக்கும், நன்றாக ஆடுகிறவர் பந்தை இத்தனை முறை அடித்து உள்ளே தள்ள வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. அதற்குப் பார் என்று பெயர். அதைவிட ஓர் அடி குறைந்தால் பேர்டி, இரண்டு குறைந்தால் ஈகிள். ஓர் அடி கூடினால் போகி. ஆக, இன்று போகி என்றால் சறுக்கல். ஆனால் பிறந்தபோது அது சறுக்கலே இல்லை!

1890-இல் கவன்ட்ரி கோல்ஃப் சங்கத்தின் ஹ்யூ ராதர்ஹாம் ஒரு யோசனை சொன்னார். ஒவ்வொரு குழிக்கும் நல்ல ஆட்டக்காரர் எடுக்கக்கூடிய அடிகளை நிர்ணயித்துவிடுவோம். எதிரே ஆள் இல்லாவிட்டாலும் அந்தக் கணக்கோடு மோதலாம் என்றார். கிரேட் யார்மத் சங்கச் செயலாளர் டாக்டர் பிரவுன் அதைத் தம் மைதானத்துக்குக் கொண்டுவந்தார். போகிமேன் வருகிறான் என்று ஒரு பாட்டு அப்போது இங்கிலாந்தின் கேளிக்கை அரங்குகளில் பிரபலம். அந்தக் கணக்கோடு ஆடித் திணறிய வெல்மன் என்பவர், உங்கள் ஆள் சரியான போகிமேனாக இருக்கிறானே என்று பிரவுனிடம் அலுத்துக்கொண்டதாகச் சொல்வார்கள். யோசித்துப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியமாட்டான், களைக்கமாட்டான், பந்தைத் தொலைக்கமாட்டான். பேயேதான். கணக்குக்குப் போகி என்றே பெயர் நின்றுவிட்டது.

1892-இல் பிரவுன் தெற்கே படை அதிகாரிகளின் சங்கம் ஒன்றுக்குப் போனார். அங்கே உறுப்பினர் எல்லாருக்கும் படைப் பதவி உண்டு. வெறும் மிஸ்டர் போகியோடு அவர்கள் எப்படி மோதுவார்கள்? மரியாதைக் குறைவு அல்லவா! செயலாளர் கேப்டன் வைடல் அந்தப் பேய்க்குப் பதவி கொடுத்துவிட்டார். கர்னல் போகி. பதவி விஷயத்தில் அந்த ஊர்க்காரர்களும் நம்மைப் போலத்தான்.

அப்படி மரியாதையாக இருந்த கர்னல் எப்படி இறங்கினார்? பந்து மாறியது. 1898-இல் அமெரிக்கர் கோபர்ன் ஹாஸ்கெல், ரப்பர் நூலை உருண்டையாகச் சுற்றிப் பந்து செய்யும் வழியைக் கண்டார். புதுப் பந்து வெகுதூரம் பறந்தது. எல்லாருக்கும் அடிகள் குறைந்தன. பிரிட்டிஷ் மைதானங்களோ கர்னலின் பழைய கணக்கை அவ்வளவு சீக்கிரம் மாற்றவில்லை. அமெரிக்கர்கள், பங்குச் சந்தையிலிருந்து வந்த பார் என்ற சொல்லை எடுத்து, 1911-இல் தூரத்தை வைத்து இத்தனை கஜம் வரை இத்தனை முறை அடிக்கலாம் என்று கறாராக வகுத்தார்கள். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பல குழிகளில் கர்னல் ஓர் அடி பின்தங்கியிருந்தார். யாராலும் வெல்ல முடியாதவர் என்று பெயரெடுத்தவரின் பெயரே, ஓர் அடி அதிகம் என்பதற்குப் பெயராகிப்போனது. கர்னல் மோசமாக ஆடவில்லை. அன்று ஆடியதுபோலவே இன்றும் ஆடினார், அவ்வளவுதான்.

அப்புறம் ஓர் இசை. 1914-இல் ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் ஜார்ஜ் கோட்டையில் இருந்த ராணுவ இசைக்குழுத் தலைவர் ஃபிரெடரிக் ரிக்கெட்ஸ், கென்னத் ஆல்ஃபர்ட் என்ற புனைபெயரில் ஓர் அணிவகுப்பு இசை எழுதினார். அவரோடு கோல்ஃப் ஆடிய அதிகாரி ஒருவர், முன்னால் நிற்பவர்களை எச்சரிக்க ‘ஃபோர்’ என்று கத்தாமல் இரண்டு சுரம் விசிலடிப்பாராம். அந்த விசிலிலிருந்து வளர்ந்த மெட்டுக்கு வைத்த பெயர் ‘கர்னல் போகி’. இரண்டாம் உலகப் போரில் சிப்பாய்கள் இதே மெட்டில் ஹிட்லரைக் கேலி செய்து பாடிய வரிகளை வானொலியில் சொன்னால் என்னை மறுபடி கூப்பிட மாட்டார்கள்.

1957-இல் வந்த ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ படத்தில் போர்க்கைதிகள் விசிலடித்தபடி நடந்து வருவது இந்த மெட்டோடுதான். கதை நடப்பது சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில். அந்தப் பாலத்தைக் கட்டிப் படமெடுத்தது இலங்கையில், கித்துல்கலையில், களனி ஆற்றின் மேல். படம் காட்டாத ஒன்று உண்டு. ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதையில் வெள்ளைக்காரக் கைதிகள் மட்டும் சாகவில்லை. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரமாயிரமாய் அங்கே காலராவிலும் பட்டினியிலும் மாண்டார்கள். அதனால் அந்த விசில் என் காதில் முழுக்க உற்சாகமாக விழுவதில்லை.

உரை முடிந்ததும் அந்த இசையைக் கொஞ்சம் ஒலிக்கவிடும்படி நிலையத்தாரிடம் கேட்டிருக்கிறேன். மேலிருந்து கீழே இறங்கும் முதல் இரண்டு சுரங்களைக் கவனியுங்கள். தள்ளி நில்லுங்கள், பந்து வருகிறது என்று யாரோ விசிலடிக்கிறார். வணக்கம்.