புதிய ஆயுதமும் நம் சேமிப்பும்

நேயர்களுக்கு வணக்கம்.

2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூர் நடந்து முடிந்த வாரங்களில், ஆகாஷ் ஏவுகணையையும் ஆளில்லா விமானங்களையும் பற்றித் தொலைக்காட்சிகள் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தபோது, பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் தம் பணிக்கொடையில் பாதியைப் பாதுகாப்புத் துறைப் பங்குகளில் போடலாமா என்று என்னிடம் கேட்டார். "ஆயுதம் நன்றாக வேலை செய்ததை ஊரே பார்த்துவிட்டதே, சார். அதைச் செய்த கம்பெனி இனி வளராமல் போகுமா?" என்றார். இந்தக் கேள்வி அவர் ஒருவருடையது மட்டும் அல்ல என்பதால்தான் இன்று இதைப் பேச எடுத்துக்கொண்டேன். ஓர் ஆயுதம் போர்க்களத்தில் வெல்வது வேறு, அதைச் செய்த நிறுவனத்தின் பங்குதாரர் லாபம் பார்ப்பது வேறு.

2020-இல் ஆர்மீனியாவுக்கு எதிரான நாகோர்னோ-கராபக் போரில் அசர்பைஜானின் வெற்றிக்குத் துருக்கியின் பைரக்தார் டிபி2 என்ற ஆளில்லா விமானம் பெரிதும் துணைநின்றது. உலகமே அதன் பெயரைக் கற்றுக்கொண்டது. ஆனால் அதைத் தயாரிக்கும் பைக்கார் நிறுவனம் ஒரு குடும்பத்துக்குச் சொந்தமானது. அதன் பங்கு எந்தச் சந்தையிலும் விற்பனைக்கு இல்லை. நம் கண்ணுக்குத் தெரியும் தொழில்நுட்பம் நம்மால் வாங்கக்கூடிய பங்காக இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை.

வாங்கக்கூடிய பங்காகவே இருந்தாலும், ஆயுதத்துக்கு ஏறத்தாழ ஒரே ஒரு வாடிக்கையாளர்தான் உண்டு, அது அரசு. எதை எப்போது வாங்குவது, எவ்வளவு முன்பணம் கொடுப்பது என்பதையெல்லாம் அரசே முடிவு செய்கிறது. போர் விமானங்களைத் தயாரிக்கும் அரசு நிறுவனமான ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் 2018 மார்ச்சில் ரூ.1,215 விலையில் பங்குகளை வெளியிட்டபோது சிறு முதலீட்டாளர்கள் பெரிதாக ஆர்வம் காட்டவில்லை. 2020 மார்ச்சில், கொரோனா அச்சத்தில் சந்தை முழுவதும் சரிந்த நாட்களில், அதன் விலை ரூ.500-க்கும் கீழே போனது. அந்த ஆண்டு ஆகஸ்டில் 101 வகைப் படைக்கலங்களின் இறக்குமதியைப் படிப்படியாக நிறுத்தப்போவதாகப் பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது. 2021 பிப்ரவரியில் அந்நிறுவனம் செய்யும் 83 தேஜஸ் விமானங்களுக்கு (அவற்றில் 73, மார்க் 1ஏ என்ற புதிய வகைப் போர் விமானங்கள்) சுமார் ரூ.48,000 கோடிக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. 2023-இல் ஒரு பங்கு இரண்டாகப் பிரிக்கப்பட்டது; அப்படிப் பிரிக்கும்போது ஒரு பங்கின் விலையும் பாதியாகும். அப்படிப் பிரித்த பிறகும் 2024 ஜூலையில் அதன் விலை ரூ.5,600-ஐத் தாண்டியது. தேஜஸ் அதற்கு வெகு காலம் முன்பிருந்தே பறந்துகொண்டிருந்தது. இடையில் மாறியது அரசின் கொள்முதல் கொள்கை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

கதை அத்துடன் முடியவில்லை. ஒப்பந்தப்படி 2024 மார்ச்சில் முதல் மார்க் 1ஏ விமானம் விமானப்படையின் கைக்கு வந்திருக்க வேண்டும். அதற்கான எஃப்404 எஞ்சினை அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் தர வேண்டியிருந்தது. 99 எஞ்சின்களில் முதலாவது வந்து சேர்ந்தபோது 2025 மார்ச் ஆகிவிட்டது. அதே மாதத்துக்குள் பங்கின் விலையும் ரூ.3,100-க்குக் கீழே இறங்கியிருந்தது. இந்தச் சரிவுக்கு எஞ்சின் தாமதம் மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். உச்சத்தில் அந்தப் பங்குக்குக் கேட்கப்பட்ட விலையே, இனி எதுவும் தவறாது என்று நம்பியவர்கள் கொடுத்த விலை. கையில் எத்தனை ஆயிரம் கோடி ஆர்டர் இருந்தாலும், பொருளை ஒப்படைத்த பிறகுதான் அது வருமானமாகக் கணக்கில் ஏறும்.

தொழில்நுட்பம் புதிதாக இருக்க இருக்க இந்த இடர் கூடவே செய்கிறது. நம் ராணுவத்துக்கு ஆளில்லா விமானங்களை வழங்கிய மும்பை நிறுவனமான ஐடியாஃபோர்ஜ் 2023-இல் ரூ.672-க்குப் பங்குகளை வெளியிட்டது. பட்டியலான அன்றே விலை ரூ.1,300 அளவுக்குப் போனது. இரண்டு ஆண்டுகள் நிறைவதற்குள் ரூ.400-க்கும் கீழே வந்துவிட்டது. உக்ரைன் போரில் சில நூறு டாலர் செலவில் தயாராகும் சிறு ட்ரோன்கள், பல லட்சம் டாலர் பெறுமானமுள்ள டாங்கிகளை அழித்ததை நாம் பார்த்தோம். அவ்வளவு மலிவாகச் செய்ய முடிகிற ஒன்றை நாளை இன்னொருவர் இன்னும் மலிவாகச் செய்துவிட முடியும். போரை மாற்றிய அந்த மலிவுதான், தயாரிப்பாளரின் லாபத்துக்கு நிலையான பாதுகாப்பு இல்லாமல் செய்கிறது.

இதுவரை ஆயுதம் செய்பவரைப் பற்றியே பேசினேன். ஆயுதம் எங்கே விழுகிறது என்பது நம் பணத்தை இன்னும் நேராகத் தொடும். 2019 செப்டம்பர் 14 அன்று சவூதி அரேபியாவின் அப்கைக் எண்ணெய் ஆலை ட்ரோன்களாலும் ஏவுகணைகளாலும் தாக்கப்பட்டது. நாளொன்றுக்குச் சுமார் 57 லட்சம் பீப்பாய், அதாவது அந்நாட்டு உற்பத்தியில் ஏறக்குறைய பாதி, நின்றுபோனது. சந்தை திறந்த திங்கட்கிழமை பிரென்ட் கச்சா எண்ணெயின் விலை ஒரே நாளில் 14 விழுக்காட்டுக்கும் மேல் உயர்ந்தது. இங்கே எண்ணெய் விற்பனை நிறுவனங்களின் பங்குகள் அடி வாங்கின. ஆனால் அந்த மாதம் முடிவதற்குள் எண்ணெய் விலை ஏறத்தாழப் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது. அந்தத் திங்கட்கிழமை பதறிப்போய் விற்றவர்கள் இரண்டே வாரத்தில் வருந்தியிருப்பார்கள்.

எல்லாத் தாக்குதலும் அப்படி விரைவில் தணிந்துவிடுவதில்லை. 2023 நவம்பரில் ஏமனின் ஹூத்தி கிளர்ச்சியாளர்கள் செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியபின், சரக்குக் கப்பல்கள் சூயஸ் கால்வாயைத் தவிர்த்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போயின. திருப்பூரிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் பின்னலாடைக்குக் கப்பல் கட்டணமும் பயண நாட்களும் கூடின. பின்னலாடை நிறுவனத்தின் பங்கை வைத்திருந்தவர், தாம் ஆயுதத் தொழில்நுட்பத்தோடு எந்த வகையிலும் தொடர்புடையவர் என்று ஒருநாளும் எண்ணியிருக்க மாட்டார்.

ஆசிரியருக்கு நான் சொன்ன பதிலை இங்கே சொல்லிவிடுகிறேன். பணிக்கொடை என்பது மாதச் செலவுக்கான பணம். அதில் பாதியை ஒரே துறையில், அதுவும் அத்துறை எல்லோர் வாயிலும் இருக்கும் வாரத்தில், போடக் கூடாது. போடத்தான் வேண்டும் என்றால், முழுவதும் இழந்தாலும் குடும்பம் தடுமாறாத அளவுக்குச் சிறு தொகையைப் பல மாதங்களாகப் பிரித்துப் போடலாம். வாங்கும் முன் நிறுவனத்தின் ஆண்டறிக்கையை எடுத்து, ஒப்படைப்புகள் சொன்ன தேதியில் நடந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கொல்லும் கருவியிலிருந்து லாபம் வேண்டாம் என்று மனம் சொன்னால், அதையும் முழுமையான காரணமாகவே நான் மதிப்பேன்.

அப்படி விலகி நிற்க நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. ரேடார்களைத் தயாரிக்கும் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 2024 செப்டம்பர் 30 முதல் ஐம்பது பெரிய நிறுவனங்களைக் கொண்ட நிஃப்டி 50 என்ற பங்குச் சந்தைக் குறியீட்டில் இருக்கிறது. அந்தக் குறியீட்டைப் பின்பற்றும் மியூச்சுவல் ஃபண்டில் மாதம் 500 ரூபாய் கட்டுபவரும், தன் பணத்தில் ஒரு பகுதியைப் பங்குச் சந்தையில் போடும் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியின் உறுப்பினரும், தமக்குத் தெரியாமலேயே அந்த நிறுவனத்தில் ஒரு சிறு பங்கை வைத்திருக்கிறார்கள். ஃபண்ட் நிறுவனங்கள் மாதந்தோறும் தங்கள் கையிருப்புப் பட்டியலை இணையதளத்தில் வெளியிடுகின்றன. உங்கள் ஃபண்டின் பட்டியலை இந்த வாரம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

வணக்கம்.