ஒரே பானெட், இரண்டு வாக்ஸ்: நாலரை மாதம் கழித்து

இந்த பானெட்டைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இப்போதுதான் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினேன். இடது பக்கம் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு நிற்கிறது. வலது பக்கம் சிமென்ட் தரையில் கொட்டிய மாதிரி படர்ந்து கிடக்கிறது. நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்த மாதிரி இருக்கிறதே, அது பிப்ரவரி நடுவில் நான் மாஸ்கிங் டேப் ஒட்டிய இடம். வலது பக்கம் கார்னாபா, அதாவது இயற்கை மெழுகு. இடது பக்கம் சிந்தெடிக், அதாவது செயற்கை. இரண்டும் ஒரே நாளில், ஒரே கையால் போட்டவை. இன்றைக்கு ஜூன் கடைசி ஞாயிறு. நாலரை மாதம் ஓடிவிட்டது.

சிந்தெடிக் ஜெயித்துவிட்டது என்று இங்கேயே வீடியோவை மூடிவிடாதீர்கள். முதல் மூன்று வாரம் இந்த இடத்தில் நின்று பார்த்தவர்கள் எல்லாரும் வலது பக்கத்தைத்தான் அழகு என்றார்கள். என் வண்டி அடர் நீலம். கார்னாபா போட்ட பக்கம், எண்ணெய் வைத்து வாரிய தலைமுடி மாதிரி உள்ளிருந்து வருகிற ஒரு மினுமினுப்பு. சிந்தெடிக் பக்கம் பளீரென்று கண்ணாடி போல இருந்தது, ஆனால் கொஞ்சம் வறட்டுப் பளபளப்பு. கருப்பு, நீலம், சிவப்பு வண்டிகளில்தான் இந்த வித்தியாசம் தெரியும். வெள்ளை, சில்வர் வண்டி வைத்திருப்பவர்கள் இந்த அழகுப் பஞ்சாயத்தில் தலையிடவே வேண்டாம். என் அக்கா வீட்டு வெள்ளைக் காரில் நானே போட்டுவிட்டு, எந்தப் பக்கம் எது என்று மறந்துபோய் நின்றிருக்கிறேன்.

ஒரு நிமிஷம். கூரையில் காக்கை எச்சம். இதோ, ஊதா நிறத்தில். நாவல் பழ சீசன் அல்லவா. ஈரத் துணியை மேலே போட்டு வைக்கிறேன், ஊறட்டும். காய்ந்ததைத் தேய்த்தால் அதிலிருக்கும் மண்ணும் கொட்டைத் துணுக்கும் பெயின்டைக் கீறிவிடும். பேசி முடித்துவிட்டு எடுத்துப் பார்க்கலாம்.

சரி, கார்னாபா என்றால் என்ன? பிரேசிலின் வடகிழக்கில், சியாரா, பியாவூய் பக்கம் வளரும் ஒரு பனை. விசிறி மாதிரி ஓலை, நம் பனைமரத்துக்குத் தூரத்துச் சொந்தம். வறண்ட பூமி. ஓலையில் இருக்கும் ஈரம் வெயிலில் போய்விடாமல் இருக்க, மரமே ஓலை மேல் மெழுகு பூசிக்கொள்கிறது. ஓலையை வெட்டிக் காயப்போட்டு அடித்தால் மெழுகு பொடியாக உதிரும். அதை உருக்கி வடிகட்டிக் கட்டியாக்குகிறார்கள். இயற்கை மெழுகுகளிலேயே மிகவும் கடினமானது இதுதான். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரிக்குள் உருகிவிடும், இது உருக 82 டிகிரிக்கு மேல் வேண்டும். மிட்டாய் பாக்கெட்டின் பின்னால் 903 என்ற எண் இருந்தால், மேலே மினுங்குவது இந்த மெழுகுதான். இயற்கை என்றதும் மனசாட்சிக்கு நிம்மதி என்று நினைக்கவும் வேண்டாம். கார்னாபா அறுவடையில் அடிமைகளைப் போல வேலை வாங்கப்பட்டவர்களைப் பிரேசில் அரசின் தொழிலாளர் ஆய்வாளர்களே மீட்டிருக்கிறார்கள்.

டப்பாவில் '100 சதவீதம் கார்னாபா' என்று போட்டிருந்தால் சிரித்துவிட்டு நகருங்கள். சுத்தமான கார்னாபா கருங்கல் மாதிரி இருக்கும், அதைக் காரில் தேய்க்கவே முடியாது. எண்ணெய், கரைப்பான், தேன்மெழுகு, பாரஃபின் என்று எதையாவது கலந்தால்தான் பேஸ்ட் ஆகும். உள்ளே போட்ட கார்னாபாவில் கலப்படம் இல்லை என்பதுதான் அந்த வாசகத்துக்கு அர்த்தம். டப்பா முழுக்க அதுதான் என்று அர்த்தமில்லை.

நம் ஊர் வெயிலில் இந்தக் கலவைதான் விஷயமே. 82 டிகிரி வரை தாங்கும் மெழுகு எப்படிப் போகும் என்று கேட்பீர்கள். மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு இந்த பானெட்டில் தெர்மாமீட்டர் காட்டினேன், 71 டிகிரி. கார்னாபா மட்டும் இருந்தால் தாங்கியிருக்கும். கூட இருக்கும் தேன்மெழுகும் எண்ணெயும் அதற்கு முன்பே இளகிவிடும். இளகிய மெழுகு தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அடுத்த ஷாம்பு வாஷில் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பிவிடும். என் வண்டியில் வலது பக்கம் ஐந்து வாரம் நன்றாக இருந்தது. ஏப்ரல் முதல் வாரம் கழுவியபோது அங்கே தண்ணீர் முத்தாக நிற்கவில்லை.

முத்து நிற்காததால் வாக்ஸ் போய்விட்டது என்று நானும் முதலில் நினைத்தேன். அது சரியில்லை. சென்னை மேடவாக்கத்தில் எங்கள் போர் தண்ணீர் எப்படி என்று இந்தப் பக்கம் குடியிருப்பவர்களுக்குத் தெரியும், ஹீட்டர் காயில் வருஷத்துக்கு ஒருமுறை வெள்ளையாகப் பூத்துப் போகும். அதே உப்பு காரின் மேலும் படலமாக உட்காரும். கீழே வாக்ஸ் நன்றாக இருந்தாலும், மேலே உப்பு மூடிவிட்டால் தண்ணீர் உருளாது. ஆகவே ஏப்ரலிலேயே வினிகரும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து பானெட் முழுக்கத் துடைத்து, நல்ல தண்ணீரில் அலசினேன். இடது பக்கம் முதல் நாள் மாதிரி திரும்பி வந்தது. வலது பக்கம் வரவில்லை. அப்போதுதான் கார்னாபாவின் கணக்கை முடித்தேன்.

இடது பக்கம் இருப்பதை வாக்ஸ் என்று கூப்பிடுவது பழக்கத்தில்தான். அது மெழுகே இல்லை, பாலிமர். பெரும்பாலும் சிலிகோன் சங்கிலிகள்தான். அவற்றின் ஓரத்தில் அமினோ பிடிமானம் இருக்கும், அது பெயின்டைப் பற்றிக்கொள்ளும். அதனால்தான் காரை மெருகேற்றும் டீட்டெய்லிங் கடைக்காரர்கள் அதை சீலன்ட் என்கிறார்கள். மெழுகு மேலே உட்கார்ந்திருக்கிறது, சீலன்ட் பிடித்துக்கொண்டிருக்கிறது. பிடிக்க வேண்டுமானால் கீழே பெயின்ட் வெறுமையாக இருக்க வேண்டும். பழைய வாக்ஸ் மேல் சீலன்ட் போட்டால் காசு வீண். சீலன்ட் காய்ந்த பிறகு அதன் மேல் கார்னாபா போடலாம், அழகும் கிடைக்கும், அடித்தளமும் இருக்கும். கல்யாணத்துக்கு வண்டி எடுக்கும்போது நான் அப்படித்தான் செய்கிறேன்.

சிந்தெடிக் என்றதும் ஒரு சர்வீஸ் ஸ்டேஷனில் எனக்கு நடந்தது ஞாபகம் வருகிறது. 'டெஃப்லான் கோட்டிங் போட்டுவிடலாம் சார், பெயின்டைப் பற்றி மறந்துடுங்க' என்றார்கள். போட்டேன். இரண்டு மாதத்தில் நான் மறக்கவில்லை, கோட்டிங் மறந்துவிட்டது. அப்புறம்தான் யோசித்தேன். டெஃப்லான் 327 டிகிரியில் உருகும். நான்ஸ்டிக் தோசைக்கல்லில் அது ஒட்டுவதற்குக் காரணம், அந்தச் சூட்டையும் தாண்டிச் சுடுவதுதான். காரை அப்படிச் சுட்டால் பெயின்ட், பம்பர், ரப்பர் எதுவும் மிஞ்சாது. கையால் தடவிய பாட்டிலில் டெஃப்லான் பொடி இருந்தால் அது சும்மா இருக்கும், அவ்வளவுதான்.

போடும் விதத்தில் நான் பிடிவாதமாக இருக்கும் விஷயம் இரண்டுதான். முதலாவது சுத்தம். கழுவிய பிறகு ஒரு பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிப் பெயின்டைத் தடவுங்கள். நறநறவென்று இருந்தால் கிளே பார், அதாவது ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் மாதிரியான கட்டி, போட வேண்டும், இல்லாவிட்டால் அழுக்கை வைத்து மூடி சீல் செய்கிறீர்கள். பழைய வாக்ஸ் போக, பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரே ஒருமுறை கழுவுங்கள். வாராவாரம் அதில் கழுவினால் புது வாக்ஸையும் நீங்களே கழற்றிவிடுவீர்கள்.

இரண்டாவது, மெல்லிசாக. பெயின்டின் நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமில்லாத படலமான கிளியர் கோட்டே ஏறக்குறைய 40, 50 மைக்ரான்தான், உங்கள் தலைமுடியைவிட மெல்லிசு. அதன் மேல் வாக்ஸ் ஒரு மைக்ரான் கூட நிற்காது. அள்ளி அப்பினால் மீதியைத் துடைத்துத் துடைத்துத் தோள் வலிக்கும். நிழலில், பானெட் கைக்குக் குளிர்ச்சியாக இருக்கும்போது போடுங்கள். கருப்பு பிளாஸ்டிக்கில் கார்னாபா பட்டால் வெள்ளையாகக் காய்ந்து நிற்கும், அங்கே டேப் ஒட்டிவிடுங்கள். சீலன்ட் போட்ட அன்று இரவு மட்டும் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் கார்னாபாவைத் தூக்கிப் போட வேண்டுமா? இல்லை. அதற்கு ஏற்ற வண்டி எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. அப்பாவின் 1997 மாருதி 800, சிவப்பு. வாக்ஸ் தேய்த்தால் துணியில் சிவப்பு ஒட்டும். பயப்பட வேண்டாம், கிளியர் கோட் இல்லாத பழைய பெயின்ட் என்பதற்கு அதுதான் அடையாளம். வெளுத்துப்போன அந்த மாதிரி பெயின்டுக்கு கார்னாபா பேஸ்டில் இருக்கும் எண்ணெய் பிடிக்கிறது, நிறம் எழும்பி வருகிறது. அந்த வண்டி ஷெட்டில் நிற்கிறது, வாரத்துக்கு ஒருமுறை கோயிலுக்குப் போய்வருகிறது. மாதம் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவே தேய்க்கிறார். ரிட்டையர் ஆனவருக்கு அது வேலை இல்லை, சந்தோஷம். புங்க மரத்தடியிலும் வெயிலிலும் நிற்கும் என் வண்டிக்கு வருஷத்துக்கு எட்டுத் தடவை கார்னாபா போட எனக்கு நேரம் இல்லை. சீலன்ட் மூன்று தடவை போட்டால் போதும். நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இதுதான், பளபளப்பு இல்லை.

உங்கள் வண்டி எங்கே நிற்கிறது, நீங்கள் எத்தனை ஞாயிறு தருவீர்கள், இந்த இரண்டையும் முதலில் கேட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள்.

நாளைக் காலை ஆறு மணிக்கு, வெயில் ஏறுவதற்கு முன்னால், வலது பக்கத்துக்கும் சீலன்ட் போடப்போகிறேன். கார்னாபா டப்பா அப்பாவிடம் போய்விட்டது.

வாருங்கள், அந்தத் துணியை எடுத்துப் பார்ப்போம். ஊதா போய்விட்டது. தேய்க்கவே இல்லை, துணியோடு வந்துவிட்டது. ஆனால் இங்கே, கேமராவைக் கொஞ்சம் சாய்க்கிறேன், ஒரு மங்கல் வட்டம் தெரிகிறதா? கூரையிலும் அதே சீலன்ட்தான். நேற்று மதியமே விழுந்திருக்க வேண்டும். வெயிலில் கிளியர் கோட் இளகி, எச்சத்தைச் சுற்றி மறுபடி இறுகிப்போன தடம் இது. இதற்கு வாக்ஸ் உதவாது, மேல் படலத்தை லேசாகத் தேய்த்துச் சமன் செய்யும் பாலிஷ்தான் போட வேண்டும்.