நூறு நானோகிராம் போட்டும் ஆர்கனாய்டு மொட்டு விடலையே, ஏன்? – நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகள்ல ஒண்ணு மனசுல அப்படியே நின்னுடுச்சு. முதல்ல அதைப் படிச்சிடுறேன். புதுசா வந்தவங்களுக்கு ஒரு வார்த்தை: ஆர்கனாய்டுங்கிறது ஸ்டெம் செல்லுல இருந்து ஆய்வகத்துல வளர்க்கிற குட்டி உறுப்பு மாதிரி. நல்லா வளர்ந்தா சுவர்ல இருந்து மொட்டு மொட்டா வெளிய வரும். ஈஜிஎஃப், நாகின், ஆர்-ஸ்பாண்டின் மூணும் அதை வளர்க்க மீடியத்துல, அதாவது ஊட்டத் திரவத்துல, போடுற புரோட்டீன்கள். பாசேஜ்னா வளர்ந்ததை உடைச்சுப் புதுத் தட்டுல பிரிச்சு வளர்க்கிறது. வயல்னா புரோட்டீன் பொடி வர்ற சின்னக் குப்பி, பிபிஎஸ்னா உப்புக் கரைசல்.

"சுண்டெலியோட சிறுகுடல் ஆர்கனாய்டு வளர்க்கிறேன். ஒரு மில்லிக்கு ஈஜிஎஃப் 50, நாகின் 100, ஆர்-ஸ்பாண்டின் 500 நானோகிராம். கணக்கு சரிதான். முதல் ரெண்டு பாசேஜ் நல்லா மொட்டு விடுது. அப்புறம் மொட்டு குறைஞ்சு, மூணாவதுல செத்துப்போகுது. புது நாகின் வயல் பிரிச்சதுல இருந்துதான் இப்படி. தூய்மை 95 சதவீதத்துக்கு மேலன்னு சான்றிதழ்ல இருக்கு. மில்லிக்கு 1 மைக்ரோகிராம் வர்ற மாதிரி பிபிஎஸ்ல கரைச்சு, ஃப்ரிட்ஜ்ல வெச்சு ஒரு மாசமா எடுத்துக்கிறேன். புரோட்டீன் மோசமா?"

அந்தக் கரைச்ச விவரத்தையும் சேர்த்து எழுதினீங்க பாருங்க, ரொம்ப நன்றி. பாதி பதில் அதுலயே இருக்கு.

பழைய நேயர்களுக்குத் தெரியும், நான் திரும்பத் திரும்பச் சொல்றது: எடை வேறு, வேலை வேறு. நானோகிராம்ங்கிறது எடை. செல்லுக்கு அந்த எடை தெரியாது. சரியா மடிஞ்ச புரோட்டீன் தன்கிட்ட வந்து வேலை செய்யுதா, அது மட்டும்தான் தெரியும்.

ஈஜிஎஃப்ஐக் கண்டுபிடிச்ச விதமே இதுதான். ஸ்டான்லி கோஹன் சுண்டெலியோட உமிழ்நீர்ச் சுரப்பிச் சாற்றைப் பிறந்த குட்டிகளுக்கு ஊசி போட்டார். வழக்கமா 12, 14 நாள்ல கண் திறக்கிற குட்டி, ஆறேழு நாள்லயே திறந்துடுச்சு. சாற்றைப் பிரிச்சுப் பிரிச்சு, எந்தப் பகுதி கண்ணைச் சீக்கிரம் திறக்குதுன்னு பார்த்துத்தான் புரோட்டீனைத் தேடிப் போனார். முதல்ல தெரிஞ்சது வேலை. எடையெல்லாம் அப்புறம். 1986ல ரீட்டா லெவி-மொண்டால்சினியோட சேர்ந்து நோபல் பரிசு கிடைச்சது.

இப்ப உங்க சான்றிதழுக்கு வருவோம். 95 சதவீதம்ங்கிறது பெரும்பாலும் ஜெல்ல, அதாவது புரோட்டீனை அளவு வாரியாப் பிரிக்கிற கூழ்ல, பார்த்தது. ஜெல்ல ஓட்டுறதுக்கு முன்னாடி எஸ்டிஎஸ்ங்கிற சோப்பு மாதிரிப் பொருளைப் போட்டுக் கொதிக்க வைக்கிறோம், கந்தகப் பிணைப்பை உடைக்கிறோம். ஒழுங்கா மடிஞ்சதும் தப்பா மடிஞ்சதும் அங்க ஒரே பட்டையாத்தான் தெரியும். ஈஜிஎஃப் 53 அமினோ அமிலம், அதுல ஆறு சிஸ்டீன், மூணு ஜோடி. எந்த சிஸ்டீன் எதோட சேரணும்கிறது மாறினாலும் எடை மாறாது, வேலை போயிடும். நாகின் இன்னும் சிக்கல், ரெண்டு சங்கிலி ஜோடி சேர்ந்து நிக்கணும். ஈ.கோலைல செஞ்சா பெரும்பாலும் கட்டியாத்தான் வரும். அதைக் கரைச்சுத் திரும்ப மடிக்க வைக்கணும். அதனால சான்றிதழ்ல ஈடி50ன்னு ஒரு வரி இருக்கும், அதைப் படிங்க. பாதி வேலை நடக்க எவ்வளவு புரோட்டீன் வேணும்கிற அளவு அது. பத்து லட்சத்தை அந்த நானோகிராம் எண்ணால வகுத்தா, ஒரு மில்லிகிராமுக்கு எத்தனை யூனிட்னு வரும். ஈடி50 0.1ன்னா ஒரு கோடி யூனிட். நாகினுக்கு, அது தடுக்கிற பிஎம்பி-4ங்கிற புரோட்டீனைக் கொடுத்து, ஏடிடிசி5ங்கிற ஆய்வகச் செல்கள்ல வர்ற ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் நொதியைப் பாதியா குறைக்க எவ்வளவு வேணும்னு பார்ப்பாங்க. ரெண்டு லாட்டுக்கு, அதாவது தனித்தனியாத் தயாரிச்ச ரெண்டு தொகுதிக்கு, நடுவுல இந்த எண் எவ்வளவு மாறுதுன்னு ஒப்பிட்டுப் பாருங்க.

ஆனா உங்க விஷயத்துல புரோட்டீன் மேல பழி போடுறதுக்கு முன்னாடி டியூபைப் பார்க்கணும். பிளாஸ்டிக் சுவர்ல புரோட்டீன் ஒட்டும். எண்ணெய் டின்னுல உள்பக்கம் ஒட்டியிருக்கிற எண்ணெயை யாரும் கணக்குல எடுக்க மாட்டோம். அதே எண்ணெயை ஒரு சொட்டு மட்டும் டம்ளர்ல விட்டுக் கவுத்துப் பாருங்க, என்ன வரும்? மில்லிக்கு 100 மைக்ரோகிராம்ங்கிறது டின். 1 மைக்ரோகிராம்ங்கிறது அந்த ஒரு சொட்டு. சுவர்ல ஒட்டாம காக்கிற பிஎஸ்ஏங்கிற துணைப் புரோட்டீன் இல்லாம, வெறும் பிபிஎஸ்ல, ஒரு மாசம். நீங்க 100 நானோகிராம்னு எழுதி வெச்சதுல தட்டுல செல் வளர்ற குழி, அதாவது கிணத்துக்குள்ள எவ்வளவு போச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது.

கரைக்கிற முறை இதுதான். வயல் அறை வெப்பத்துக்கு வர்ற வரைக்கும் திறக்காதீங்க, இல்லைன்னா ஈரம் இறங்கும். சென்ட்ரிஃபியூஜ்ல சின்னதா ஒரு ஸ்பின் கொடுங்க. 20 மைக்ரோகிராம் பொடி கண்ணுக்கே தெரியாது, பாதி மூடியில இருக்கும். 200 மைக்ரோலிட்டர் விட்டா மில்லிக்கு 100 மைக்ரோகிராம். எதுல கரைக்கணும்கிறதை அந்த லாட்டோட தாளைப் பார்த்து முடிவு பண்ணுங்க. ஈஜிஎஃப் தண்ணியிலயே கரையும். டிஜிஎஃப்-பீட்டா, பிஎம்பி-4 மாதிரியானதுக்கு 4 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம், கூட 0.1 சதவீதம் பிஎஸ்ஏ. வோர்டெக்ஸ், அதாவது வேகமா அதிரவெச்சுக் கலக்குற கருவி, வேண்டாம். நுரை வந்தா அந்தக் குமிழிப் பரப்புலயே புரோட்டீன் விரிஞ்சு கெட்டுப்போகும். பத்துப் பதினஞ்சு நிமிஷம் சும்மா வெச்சு, மெதுவா சாய்ச்சுக் கலக்குங்க. பிறகு ஒரு தடவை மீடியம் தயாரிக்கிற அளவுக்குச் சின்னச் சின்ன அலிக்வாட்டா, அதாவது தனித்தனிப் பங்கா, பிரிச்சு மைனஸ் 80 டிகிரில வைங்க. தானா பனி நீக்குற ஃப்ரீசர் வேண்டவே வேண்டாம், அது உள்ளுக்குள்ள திரும்பத் திரும்ப வெப்பத்தை ஏத்தி இறக்கிட்டே இருக்கும். உருக்கின அலிக்வாட்டைத் திரும்ப உறைய வைக்காதீங்க. மீடியம் பாட்டிலை முழுசா 37 டிகிரி தண்ணியில இறக்காதீங்க, அன்னைக்கு வேணுங்கிறதை மட்டும் எடுத்துச் சூடு பண்ணுங்க.

நாகின்தான்னு எப்படிச் சொல்றேன்? ஆர்-ஸ்பாண்டின் போயிருந்தா இவ்வளவு நாள் தாங்காது. சில நாள்லயே சுருங்கி, நடுவுல கறுத்து, செத்துடும். நாகின் குறைஞ்சா உடனே சாகாது, மொட்டு குறைஞ்சுகிட்டே வந்து பாசேஜ் தாங்காம போகும். 2009ல ஹான்ஸ் கிளெவர்ஸ் ஆய்வகத்துல இருந்து தோஷிரோ சாட்டோ வெளியிட்ட முதல் குடல் ஆர்கனாய்டு கட்டுரையிலயே, தொடர்ந்து பாசேஜ் பண்ண நாகின் வேணும்னு காட்டியிருக்காங்க. மெல்லிய சுவரோட பளபளன்னு பலூன் மாதிரி உருண்டையா வந்தா கதை வேற, அது வின்ட்ங்கிற, செல்லைப் பெருகச் சொல்ற புரோட்டீன் அதிகம். பாசேஜ் பண்ணின மறுநாள் எல்லாமே உருண்டையாத்தான் இருக்கும், அதைப் பார்த்துப் பயப்படாதீங்க.

வின்ட்னதும் ஒண்ணு. சுண்டெலி சிறுகுடலுக்கு அதைத் தனியா போட வேண்டியதில்லை, ஆர்கனாய்டுலயே இருக்கிற பேனத் செல்களே கொடுத்துடும். மனிதக் குடலுக்குப் போடணும். வின்ட்3ஏ மேல கொழுப்பு அமிலம் ஒட்டியிருக்கும், அது இல்லைன்னா வேலை இல்ல, அது இருக்கிறதால தண்ணியில நிக்காது. அதனாலதான் நிறையப் பேர் எல்-டபிள்யூஆர்என் செல்களோட கண்டிஷன்ட் மீடியத்துக்குப் போறாங்க, அதாவது வின்ட், ஆர்-ஸ்பாண்டின், நாகின் மூணையும் சுரக்கிற செல்கள் வளர்ந்த திரவத்தையே எடுத்துக்கிறாங்க. அங்கேயும் அதே கதைதான், ஐம்பது சதவீதம் கலந்தேன்னு எழுதுறது கன அளவு. வேலை வேறு.

நீங்க கேட்டிருக்க வேண்டிய கேள்வின்னு நான் நினைக்கிறது, புது லாட்டை நம்புறதுக்கு முன்னாடி எப்படிச் சோதிக்கிறதுங்கிறது. ஒரே ஆர்கனாய்டு, ஒரே பாசேஜ், 48 கிணறு தட்டு, ஆர்கனாய்டு உள்ள வளர்ற கூழான மேட்ரிஜெல்ல 20 மைக்ரோலிட்டர் குமிழ். பழைய லாட் ஒரு பக்கம், புதுசு ஒரு பக்கம். நாகின் 0, 25, 50, 100, 200 நானோகிராம், ஒவ்வொண்ணுக்கும் மூணு கிணறு. அஞ்சாம் நாள் ஒவ்வொரு கிணத்துலயும் ஐம்பது ஆர்கனாய்டு எடுத்து, ஒண்ணுக்கு எத்தனை மொட்டுன்னு எண்ணுங்க. அதோட நிறுத்தாம ரெண்டு பாசேஜ் கொண்டுபோங்க, ஏன்னா நாகினோட குறை மெதுவாத்தான் வெளிய வரும். பழசு 50ல கொடுக்கிறதைப் புதுசு 100ல கொடுத்தா, அளவை இரட்டிப்பாக்கிட்டு அந்த லாட்டையே பயன்படுத்தலாம். பூஜ்யம் கிணத்தைத் தயவுசெஞ்சு விட்டுடாதீங்க. ஈஜிஎஃப்ஐ இப்படிச் சோதிக்கும்போது பூஜ்யத்துலயும் வளர்ந்தா, அது மேட்ரிஜெல்லோடவே வந்த ஈஜிஎஃப்பா இருக்கலாம். குரோத் ஃபேக்டர் குறைச்ச மேட்ரிஜெல்லுக்கு மாறிட்டு மறுபடி பண்ணணும்.

இப்ப கையில இருக்கிற தட்டைக் காப்பாத்தப் பார்க்காதீங்க. மூணாவது பாசேஜ்ல வாடினதுக்குப் புது நாகின் கொடுத்து ஒண்ணு ரெண்டு பிழைச்சாலும், அது எதைக் காட்டுதுன்னு உங்களுக்கே சந்தேகமா இருக்கும். முதல் பாசேஜ்ல உறைய வெச்சது இருந்தா அதை எடுங்க. முதல் ரெண்டு நாள், உருக்கின செல் சாகாம காக்கிற ஒய்-27632ங்கிற மருந்து 10 மைக்ரோமோலார், கூட பிஎஸ்ஏ போட்டுக் கரைச்ச புது நாகின். நாலாம் நாள் ஒரு படம் எடுத்து அனுப்புங்க, ஸ்கேல் பார் மறக்காம.