எழுத்துருவைப் படிக்காத மீன்கள்

கமராவைத் தூக்கிக்கொண்டு போனால் போதாதா, ஆவணப்படத்துக்கு எழுத்துரு, அதாவது படத்தை முன்கூட்டியே எழுதிவைக்கும் திட்டம், எதற்கு என்று சற்று முன்னர் ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்விதான். மட்டக்களப்பு வாவியில், கல்லடிப் பாலத்தடியில் மீன் பாடுவதைப் படமாக்கப் போகிறீர்கள் என்று வையுங்கள். பௌர்ணமியை ஒட்டிய இரவு. தோணிக்காரர் துடுப்பின் ஒரு முனையை வாவியில் இறக்கி, மறுமுனையில் காதை வைக்கிறார். இந்த நேரத்தில் மீன் பாடும் என்று எழுதிவைக்க முடியாது. மீன் உங்கள் எழுத்துருவைப் படித்ததில்லை. பாடாவிட்டால் படம் எந்தப் பக்கம் திரும்பும் என்பதை எழுதிவைக்கலாம். நீங்கள் தேடுவது அந்த ஒலியையா, அதைக் கேட்டதாகச் சொல்லும் முதியவர்களின் நினைவையா? அதை முடிவு செய்யாமல் போனால், விடியும்போது பாலமும் நிலவும் தண்ணீருமாகச் சில அழகான துண்டுகள்தான் மிஞ்சும்.

ஆவணப்பட முன்னோடி றொபேர்ட் பிளஹேர்ட்டி பட்ட பாடும் இதுதான். வட கனடாவில் இனுயிற் மக்களை அவர் எடுத்த படச்சுருள் 1916இல் சிகரெட் நெருப்பில் எரிந்துபோனது. தப்பிய பிரதியைப் போட்டுப் பார்த்தவருக்கே அது பிடிக்கவில்லை. காட்சிகளைக் கோக்கும் இழை அதில் இல்லை. மீண்டும் போனபோது ஒரு மனிதனையும் அவன் குடும்பத்தையும் பின்தொடர்வது என்று தீர்மானித்தார். 1922இல் வெளிவந்த 'நனூக் ஒஃப் த நோர்த்' அப்படிப் பிறந்தது. அந்தக் குடும்பத்தையே அவர் படத்துக்காகச் சேர்த்துவைத்தார் என்பது தனி வழக்கு. அதை இன்னொரு நாள் பேசுவோம்.

பின்னணிக் குரலுக்கு வருகிறேன். நம்மவர் படங்களில் வாவி தெரிந்தவுடனேயே 'எழில் கொஞ்சும் மட்டக்களப்பு வாவி' என்று ஒரு கணீர்க் குரல் எழும்பிவிடுகிறது. எங்களுக்குக் கண் இல்லையா? 1934இல் பசில் றைற் எடுத்த 'சோங் ஒஃப் சிலோன்' படத்தைப் பாருங்கள். தேயிலைப் பிரசாரத்துக்கென்று கேட்கப்பட்ட படம் அது. அதற்கு, கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ஆங்கில மாலுமி றொபேர்ட் நொக்ஸ் இலங்கையைப் பற்றி 1681இல் வெளியிட்ட நூலிலிருந்து வரிகளை எடுத்து, இலங்கைப் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட்டின் குரலில் வாசிக்கவைத்தார்கள். திரையில் அன்றைய இலங்கை, காதில் இரண்டரை நூற்றாண்டுக்கு முந்திய இலங்கை. இரண்டுக்கும் நடுவில் பார்ப்பவர் யோசிக்க இடம் கிடைக்கிறது.

கூத்தைப் பற்றிப் படம் எடுக்கப் போகிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள். கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரிடம் போய், 'கூத்தின் சிறப்பு என்ன?' என்று கேட்காதீர்கள். மேடைப்பேச்சுத்தான் பதிலாக வரும். சட்டம் கொடுத்த அன்று, அதாவது யாருக்கு எந்த வேடம் என்று பிரித்துக் கொடுத்த அன்று, அருச்சுனன் வேடத்துக்கு யார் யார் ஆசைப்பட்டார்கள், கிடைக்காதவர் யாரோடு கோபித்துக்கொண்டார் என்று கேளுங்கள். சொன்னதைச் சொன்னபடியே கொப்பியில் எழுதி எடுங்கள். படத்தொகுப்புக்கு உட்காருமுன், எந்தப் பேச்சுக்குப் பின் எந்தப் பேச்சு என்று அந்தக் கொப்பியிலேயே வெட்டி ஒட்டிப் பாருங்கள்.