கனூ ஏரியில் ரொம் தொம்சன்: காயம் இடப்பக்கமா, வலப்பக்கமா?

வணக்கம் உறவுகளே. இந்த வாரம் சிம்கோ ஏரி மீன்பிடிக் காணொளி வரும் என்று சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகிறது. காரணம், செவ்வாய்க்கிழமை இரவு நான் பார்த்த ஒரு காணொளி. கனேடிய ஓவியர் ரொம் தொம்சனின் மரணம் பற்றிய மர்மம் அவிழ்ந்துவிட்டது என்று தலைப்பிட்டு, பன்னிரண்டு நிமிடங்களில் ஒரு மனிதரின் பெயரைச் சொல்லி, இவர்தான் கொலையாளி என்று தீர்ப்பும் வழங்கிவிட்டார்கள். பதில் சொல்ல உயிரோடு இல்லாத ஒருவர் மீது இப்படிப் பழி போடுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. வியாழக்கிழமை அதிகாலையிலேயே ரொறன்ரோவிலிருந்து அல்கோன்குவின் பூங்காவுக்குக் காரை எடுத்துவிட்டேன். இப்போது நான் அமர்ந்திருப்பது தொம்சன் இறந்த கனூ ஏரியின் கரையில்.

தொம்சன் ரொறன்ரோவில் வாழ்ந்த, இப்போது கிளைன்பேர்க்கில் இருக்கும் மரக்குடிலைப் பற்றிய என் காணொளியைப் பார்த்தவர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஒற்றைப் பைன் மரமும் அதன் பின்னே மாலை வானமும் உள்ள அந்தப் புகழ்பெற்ற ஓவியம் ஒட்டாவா தேசிய கலைக்கூடத்தில் இருக்கிறது. 'மேற்குக் காற்று' இங்கே ரொறன்ரோவில் இருக்கிறது. உள்ளங்கை இரண்டை விரித்து வைத்த அளவேயுள்ள பலகைகளில், இந்த ஏரிகளின் நடுவே இருந்தபடியே நூற்றுக்கணக்கான சிறு ஓவியங்களைத் தீட்டியவர் அவர். 1920இல் 'எழுவர் குழு' என்ற ஓவியர் குழு தோன்றியபோது, அவர்களுக்கு வழிகாட்டிய தொம்சன் இறந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

1917 ஜூலை 8, ஞாயிற்றுக்கிழமை, மதியம் கடந்த வேளையில், அவர் மோவட் லொட்ஜ் என்ற விடுதியின் துறையிலிருந்து தூண்டிலோடு தனியாகப் புறப்பட்டார். வயது 39, நாற்பதுக்கு இன்னும் ஒரு மாதமே இருந்தது. அன்று பிற்பகலிலேயே அவருடைய சாம்பல் நிறக் கனூ கவிழ்ந்து மிதந்ததைக் கண்டவர்கள் உண்டு. ஆனால், அவிழ்த்துக்கொண்டு போன ஏதோ ஒரு வள்ளம் என்று எண்ணி, அவர்கள் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதன் பின்னர்தான் தேடத் தொடங்கினார்கள். ஜூலை 16, திங்கட்கிழமை காலை, உடல் நீரின் மேலே வந்தது. எட்டு நாட்கள். இந்த ஏரியை நான் இன்று காலை இரண்டு மணி நேரம் சுற்றி வந்தேன். தீவுகள், முனைகள், மறைந்த குடாக்கள் என்று, கரையிலிருந்து பார்க்கும்போது தெரியாத மூலைகள் இதில் ஏராளம் உள்ளன.

இனி நான் பேச வந்த விடயத்துக்கு வருகிறேன். உடலைப் பார்த்தவர் விடுமுறைக்கு வந்திருந்த ரொறன்ரோ மருத்துவர் கோல்ட்வின் ஹவ்லண்ட். நெற்றிப்பொட்டில் ஏறத்தாழ நான்கு அங்குல நீளக் கண்டல், காதில் இரத்தக் கசிவு, மரணக் காரணம் நீரில் மூழ்கியமை என்று அவர் எழுதினார். அந்தக் கண்டல் வலது நெற்றிப்பொட்டில் இருந்ததாக மருத்துவரின் குறிப்பு சொல்கிறது. பூங்காக் காவலர் மார்க் றொபின்சனின் நாட்குறிப்போ இடது நெற்றிப்பொட்டு என்கிறது. பாறையில் விழுந்ததால் ஏற்பட்டிருக்கலாம் என்றும் அது சேர்த்துச் சொல்கிறது. ஒரே உடல், ஒரே காயம், பார்த்த இருவரும் பொறுப்பானவர்கள். எதிரே நின்று பார்த்தவருக்கு இடமும் வலமும் மாறியிருக்கலாம். ஆனால், இந்த அடிப்படைத் தகவலே உறுதியாக இல்லாதபோது, யாரோ துடுப்பால் இடது பக்கத்தில் ஓங்கி அடித்தார்கள் என்று அந்தக் காணொளிக்காரர் எந்தத் துணிவில் படம் வரைந்து காட்டினார்?

அடுத்தது தூண்டில் நூல். உடலின் கணுக்காலில் தூண்டில் நூல் பதினாறு, பதினேழு சுற்றுகள் சுற்றப்பட்டிருந்தது என்பதுதான் கொலைக் கதையின் ஆணிவேர். இதைச் சோதித்துப் பார்க்காமல் பேசக்கூடாது என்று முடிவு செய்தேன். முதலில் நூல் வாங்கிய கதையைச் சொல்லியே ஆகவேண்டும். 1917இல் நைலோன் கிடையாது. எனவே தங்கூசியைச் சுற்றிப் பார்ப்பதில் பொருளில்லை, பட்டு நூலோ சணல் நூலோ வேண்டும். முதற்கடையில் தங்கூசி தவிர வேறெதுவும் இல்லை. இரண்டாவது கடையில் பட்டுப் பின்னல் நூல் இருந்தது. ஆனால், ஒரு சிறு கண்டுக்கு 38 டொலர் கேட்டார்கள். ஒரு கண்டு நூலுக்கு 38 டொலர்! விலையை இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். மூன்றாவதாக, பழைய பொருட்கள் விற்கும் ஓரிடத்தில், மெழுகு பூசிய சணல் நூல் 4 டொலர் 50 சதத்துக்குக் கிடைத்தது. பெட்டியின் அட்டை மங்கி, மூலைகள் நைந்துபோயிருந்தாலும், நூல் இன்னும் உறுதியாக இருக்கிறது. இதோ, என் கையில் இருப்பது அதுதான். இதைத் தேடிக் கண்டுபிடித்ததில் எனக்கு உண்மையிலேயே பெருமகிழ்ச்சி.

துறையில் அமர்ந்து என் இடது கணுக்காலில் பதினாறு சுற்றுகள் சுற்றினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு அதை அவிழ்த்துவிட்டு, முழங்கால் ஆழத் தண்ணீரில் நூலைத் தளர்வாக விட்டுக் காலை உதைத்துப் பார்த்தேன். நூல் சிக்கலாகிக் குவிந்ததே தவிர, ஒழுங்கான சுற்றாக வரவில்லை. எனவே, யாரோ கையால் சுற்றியிருக்கவேண்டும் என்ற வாதத்தில் எனக்கு ஓரளவு உடன்பாடு உண்டு. ஆனால், அந்த யாரோ தொம்சனாகவே இருக்கலாம்: சுளுக்கிய காலுக்கு அவரே கட்டுப் போட்டிருக்கலாம் என்று கருதுபவர்களும் இருக்கிறார்கள். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது வேறொன்று. மருத்துவரின் குறிப்பில் இந்த நூலே இல்லை. அது றொபின்சன் பல ஆண்டுகள் கழித்துச் சொன்ன நினைவுகளிலிருந்து வருகிறது. அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன்; தொம்சனை நேசித்த மனிதர் அவர். ஆயினும், நினைவு வேறு, அன்றைய பதிவு வேறு.

மன்னிக்கவேண்டும், துடுப்பைப் பற்றிச் சொல்லாமல் கடந்துவிட்டேன். வள்ளத்தைத் தோளில் சுமக்கும்போது பயன்படும் துடுப்பு கனூவிலேயே கட்டப்பட்டிருந்தது. அவர் கையில் பிடித்து வலித்த துடுப்போ, அன்று தேடியும் கிடைக்கவில்லை, இன்று வரையும் கிடைக்கவில்லை. மரத்துடுப்பு மிதக்கும் பொருள். நூலைவிட இந்தத் துடுப்புதான் என்னை அதிகம் உறுத்துகிறது.

எனக்கு உண்மையான கோபம் வருவது உடல் கிடைத்த பின் நடந்தவற்றின் மீதுதான். மரண விசாரணை அதிகாரி நோர்த் பேயிலிருந்து வரத் தாமதமானது. ஜூலை வெயிலில், எட்டு நாள் நீரில் கிடந்த உடலை வைத்திருக்க முடியாது என்று, 17ஆம் திகதி இங்கேயே, மோவட்டின் சிறிய மயானத்தில் அடக்கம் செய்துவிட்டார்கள். அதிகாரி அன்று மாலை வந்து சேர்ந்து, உடலைத் தன் கண்ணால் பாராமலே இரவில் விசாரணை நடத்தி, தற்செயலாக மூழ்கினார் என்று முடித்துவிட்டார். மறுநாள், குடும்பத்தின் வேண்டுகோளின்படி ஹன்ட்ஸ்விலிலிருந்து வந்த சவ அடக்கப் பணியாளர், இரவில் தனியாகவே உடலைத் தோண்டி எடுத்து இரும்புப் பெட்டியில் அனுப்பிவைத்ததாகச் சொன்னார். ஓவன் சவுண்ட் அருகே லீத் மயானத்தில் 21ஆம் திகதி மீண்டும் அடக்கம் நடந்தது. மோவட் புதைகுழியில் மண் அதிகம் கிளறப்படவில்லையே என்ற ஐயத்தைக் காவலர் பின்னாளில் எழுப்பினார்.

அந்த ஐயம்தான் 1956இல் நால்வரை மண்வெட்டியோடு இங்கே கொண்டுவந்தது. அவர்கள் தோண்டியபோது நெற்றிப்பொட்டில் துளையுள்ள மண்டையோட்டுடன் ஓர் எலும்புக்கூடு கிடைத்தது. ஒன்ராறியோ அரசின் ஆய்வுகூடம், அது பூர்வகுடியைச் சேர்ந்த ஓர் இளைஞருடையது என்று கூறியது. பின்னர், மண்டையோட்டின் ஒளிப்படங்களை வைத்து முகம் வரைந்து பார்த்தபோது, அது தொம்சனைப் போலவே இருந்தது என்று வேறு சிலர் வாதிட்டார்கள். லீத் புதைகுழியைத் திறந்தால் பதில் கிடைக்கும் என்கிறார்கள். குடும்பத்தினர் அதற்கு இணங்கவில்லை. அவர்களின் முடிவை நான் மதிக்கிறேன். நம்முடைய ஆவலுக்காக அவர்கள் வீட்டுப் பிள்ளையை இன்னொரு தடவை தோண்டும்படி கேட்க நமக்கு உரிமை இல்லை.

அதோ, எனக்குப் பின்னால் அந்த முனையில் தெரிகிறதே, அதுதான் அவருடைய நண்பர்கள் 1917 செப்டெம்பரில் எழுப்பிய கற்குவியல் நினைவுச்சின்னம். காற்று எழும்பிவிட்டது, வாடகைக் கனூவை ஐந்து மணிக்குள் திருப்பிக் கொடுக்கவேண்டும். அதற்குள் ஒரு தடவை அங்கே போய், கல்வெட்டை உங்களுக்கு அருகில் காட்டுகிறேன்.