ஐந்து ஊர்கள் சேர்ந்தால் ஒரு லீக்

(நாகர்கோவிலில் குமரி மாவட்ட விளையாட்டு மன்றப் பொறுப்பாளர்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் வீற்றிருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, மன்றப் பொறுப்பாளர்களே, திடலிலிருந்து நேராக வந்து பின்வரிசையில் நின்றுகொண்டிருக்கும் தம்பிமார்களே, தங்கைமார்களே, அனைவருக்கும் வணக்கம்.

கால்பந்திலும் கபடியிலும் ஊறிய மாவட்டத்தில் ரக்பியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நாளைக்கே எல்லோரும் ரக்பி ஆடக் கிளம்புங்கள் என்று சொல்ல வரவில்லை, ஆடினால் மகிழ்ச்சிதான். நான் பேச வந்தது ஆட்டத்தை நடத்தும் முறையைப் பற்றி. சிறிய ஊர்கள் நான்கைந்து சேர்ந்து, சம்பளம் வாங்காத ஆட்டக்காரர்களை வைத்துக்கொண்டு, நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு லீக்கை நடத்தியிருக்கின்றன. அதை எப்படிச் செய்தார்கள் என்று நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரக்பி யூனியனில் அணிக்கு 15 பேர், 40 நிமிடமாக இரண்டு பாதி. பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம், உதைக்கலாம். கையால் முன்னோக்கி எறிய மட்டும் கூடாது. எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றினால் ‘டிரை’, அதற்கு 5 புள்ளி. பிறகு கம்பங்களுக்கிடையே உதைத்து ஏற்றினால் மேலும் 2. பந்தோடு வருபவரை இடுப்பிலும் தொடையிலும் கட்டிப் பிடித்துச் சாய்ப்பதுதான் தடுப்பாட்டம். நம் ஊர்க் கபடியில் தொடைப்பிடி போடும் பையனுக்கு அதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்த ஆட்டம் இந்தியாவுக்குப் புதிதும் அல்ல. 1870களின் தொடக்கத்திலேயே கல்கத்தாவில் ஆங்கிலேயர்கள் இதற்கென ஒரு கிளப் வைத்திருந்தார்கள். ஆடிக்கொண்டிருந்த ராணுவப் படைப்பிரிவு ஊர் மாறிப் போனது. மிச்சம் இருந்தவர்கள் டென்னிஸ், போலோ என்று திரும்பினார்கள். 1878இல் கிளப்பைக் கலைத்தபோது வங்கியில் கிடந்த பணத்தை வெள்ளி ரூபாய்களாக எடுத்து, 270 ரூபாய்களை உருக்கி ஒரு கோப்பை செய்தார்கள். கைப்பிடிகள் நாகப்பாம்புகள், மூடியின் மேல் யானை. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879 முதல் இன்றுவரை அந்தக் கல்கத்தா கோப்பைக்காகத்தான் மோதுகின்றன. எனக்கோ அந்தக் கோப்பையைவிட அது பிறந்த காரணம்தான் உறுத்துகிறது. பணம் இருந்தும் கிளப் செத்துப்போனது. பக்கத்து ஊரில் வாரந்தோறும் மோத ஓர் அணி இருந்திருந்தால் அந்த வெள்ளி ரூபாய்களை உருக்க வேண்டி வந்திருக்காது என்பது என் எண்ணம்.

பக்கத்து ஊர் இருந்த இடத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். ஸ்காட்லாந்தின் தெற்கே, இங்கிலாந்தை ஒட்டிய எல்லைப்புறம். பார்டர்ஸ் என்று அழைப்பார்கள். அந்த மாவட்டம் முழுவதும் சேர்த்தாலே மக்கள்தொகை ஏறக்குறைய 1.15 லட்சம்தான். நம் மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி 18.7 லட்சம் பேர். பரப்பிலோ நாம் 1,672 சதுர கிலோமீட்டர், அவர்கள் நம்மைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல். ஹாயிக், காலாஷீல்ஸ், மெல்ரோஸ், ஜெட்பரோ, செல்கர்க், கெல்சோ என்று ஆற்றங்கரைகளில் சிறு சிறு ஊர்கள். கம்பளி நெசவு ஆலைகள், ஆட்டுப் பண்ணைகள். ஆலை விடும் நேரத்தில் திடலுக்கு வந்துவிடுவார்கள்.

எடின்பரோ, கிளாஸ்கோ போன்ற நகரங்களில் அந்தக் காலத்துக் கிளப்புகள் பல, குறிப்பிட்ட பள்ளியில் படித்த பழைய மாணவர்களுக்கு மட்டும் உரியவையாக இருந்தன. எல்லைப்புறத்தில் அணி என்றால் ஊர் அணி. கசாப்புக் கடைக்காரர், நெசவாளி, ஆசிரியர், பண்ணையாள் எல்லோரும் ஒரே சட்டை போட்டு ஆடினார்கள். தொடக்கத்தில் நான் சொன்ன அந்த நூறாண்டு லீக் இங்கேதான் நடக்கிறது; அது நிலைத்ததற்கு முதல் காரணமாக நான் இதைத்தான் சொல்வேன்.

கசாப்புக் கடை என்றதும் நெட் ஹெய்க்கைச் சொல்லாமல் போக முடியாது. மெல்ரோஸில் இறைச்சிக் கடையில் வேலை பார்த்தவர், ஊர் அணியின் ஆட்டக்காரர். 1883இல் கிளப்பின் கையில் காசில்லை. ஒரு போட்டி நடத்திப் பணம் திரட்டலாம் என்று அவர் யோசனை சொன்னார். 15 பேர் அணிகளாக வைத்தால் ஒரே பிற்பகலில் பல ஆட்டங்களை முடிக்க முடியாது. எனவே அணிக்கு 7 பேர், ஆட்டத்துக்கு 15 நிமிடம் என்று குறைத்தார்கள். மெல்ரோஸ் பெண்கள் கோப்பை கொடுத்தார்கள். இறுதி ஆட்டத்தில் மெல்ரோஸும் பக்கத்து ஊரான காலாஷீல்ஸின் காலா அணியும் சமநிலையில் நின்றன. கூடுதல் நேரம் கொடுத்தார்கள். அதில் மெல்ரோஸ் ஒரு டிரை போட்டதும், நேரம் முடியும் முன்பே, வென்றுவிட்டோம் என்று திடலைவிட்டு வெளியேறிவிட்டது. ஆட்டம் முடியவில்லை என்று காலா வாதாடியது. கோப்பை மெல்ரோஸுக்குத்தான் போனது. நம் ஊர்த் திருவிழாப் போட்டிகளின் இறுதி ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இராது!

அந்த எழுவர் ஆட்டம்தான் 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. பிஜி என்ற தீவு நாடு தன் முதல் ஒலிம்பிக் தங்கத்தை அதில் வென்றது. எழுவர் ஆட்ட உலகக் கோப்பைக்கு மெல்ரோஸ் கோப்பை என்றுதான் பெயர் வைத்தார்கள்.

ஆனால் எல்லைப்புறத்து மக்கள் ஒருநாள் போட்டியோடு நிற்கவில்லை. 1901–02 பருவத்தில் ஹாயிக், காலா, மெல்ரோஸ், ஜெட்பரோ ஊரின் ஜெட்–ஃபாரஸ்ட், லாங்கம் என்ற ஐந்து கிளப்புகள் கூடி பார்டர் லீக்கைத் தொடங்கின. ரக்பி யூனியனில் உலகிலேயே பழைய லீக் இதுதான். 1912இல் கெல்சோவும் செல்கர்க்கும் சேர்ந்து ஏழானது. அதற்குப் பிறகு 84 ஆண்டுகள் ஒருவரும் சேரவில்லை. 1996இல்தான் பீபிள்ஸ் எட்டாவதாக வந்தது. வளர வேண்டும், பெருக வேண்டும் என்று அவர்கள் அலையவில்லை. ஆடிவிட்டு இரவே வீடு திரும்பும் தூரத்தில் உள்ள ஊர்கள் போதும் என்று இருந்தார்கள். மெல்ரோஸுக்கும் காலாஷீல்ஸுக்கும் இடையே ஆறேழு கிலோமீட்டர்தான்.

லாங்கம் என்ற ஊரைத் தனியாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். இரண்டாயிரம் பேருக்குச் சற்று மேல் வாழும் ஊர். தேசிய லீக் வருவதற்கு முன் பத்திரிகைகள் பட்டியலிட்டுச் சாம்பியனை அறிவித்துவந்த காலத்தில், 1958–59இல் எடின்பரோ, கிளாஸ்கோ அணிகளையெல்லாம் பின்தள்ளி ஸ்காட்லாந்தின் முதலிடத்தைப் பிடித்தது. நம் கடற்கரையில் இரண்டாயிரம் பேர் வாழும் ஊர் எத்தனை இருக்கிறது, எண்ணிப் பாருங்கள்.

மற்ற இடங்களில் ஏன் லீக் இத்தனை தாமதமாக வந்தது? ஸ்காட்லாந்து முழுமைக்குமான லீக் 1973இல்தான் தொடங்கியது. முதல் ஐந்து பருவங்களையும் வென்றது ஹாயிக் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் 1987 வரை நாடு தழுவிய லீக்கே கிடையாது, நட்பு ஆட்டங்களும் கோப்பைப் போட்டிகளும்தான். காரணம் பணத்தைப் பற்றிய அச்சம். லீக் என்றால் புள்ளிப் பட்டியல். பட்டியல் வந்தால் வெறி வரும். வெறி வந்தால் காசு கொடுத்து ஆள் சேர்ப்பார்கள் என்று தலைமை அமைப்புகள் பயந்தன.

இந்த அச்சத்துக்குப் பின்னால் ஒரு பழைய காயம் உண்டு. வட இங்கிலாந்தில் சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்தவர்கள் சனிக்கிழமை ஆடப் போனால் அன்றைய கூலி போய்விடும். அந்த இழப்புக்கு நாளுக்கு 6 ஷில்லிங் கொடுக்க அனுமதியுங்கள் என்று கேட்டார்கள். தலைமை மறுத்தது. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹட்டர்ஸ்ஃபீல்டில் ஜார்ஜ் ஹோட்டலில் கூடி வடக்குக் கிளப்புகள் பிரிந்துபோயின. அவர்கள் வளர்த்ததுதான் அணிக்கு 13 பேர் ஆடும் ‘ரக்பி லீக்’ என்ற தனி ஆட்டம். அந்தப் பக்கம் போய்க் காசு வாங்கியவர் யூனியன் கிளப்புக்குத் திரும்பவே முடியாது, வாழ்நாள் தடை. ஹாயிக்கில் பிறந்து ஸ்காட்லாந்துக்கு ஆடிய டேவ் வாலன்டைன் ஹட்டர்ஸ்ஃபீல்டுக்குப் போனார். 1954இல் பிரிட்டன் அணிக்குத் தலைமை தாங்கி ரக்பி லீக்கின் முதல் உலகக் கோப்பையை வென்றார். அப்படிப்பட்டவருக்கும் விதி அதுதான். இந்தத் தடை 1995இல் யூனியன் தொழில்முறை ஆட்டமாக அறிவிக்கப்படும்வரை, முழுதாக நூறு ஆண்டுகள் நீடித்தது.

இதில் என் நிலையை ஒளிக்காமல் சொல்கிறேன். அந்த 6 ஷில்லிங் கேட்டவர்கள் பக்கம்தான் நியாயம். சம்பளம் இல்லாமல் ஆடுவது உயர்ந்தது. கைக்காசு இழந்து ஆடு என்பது அநியாயம். விடியற்காலையில் ரப்பர் பால் வெட்டிவிட்டு வருபவனும், கொத்து வேலைக்குப் போகிறவனும் நம் அணிகளில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பஸ் கட்டணம், சாப்பாடு, அடிபட்டால் மருத்துவச் செலவு, கூலி இழப்பு எல்லாம் மன்றம் கொடுக்க வேண்டும். பரிசுப் பணத்துக்காக வெளியிலிருந்து நான்கு பேரை ஒருநாள் வாடகைக்கு இறக்கி, ஆண்டு முழுவதும் பயிற்சி செய்த உள்ளூர்ப் பையனை வெளியே உட்கார வைக்கிறோமே, அதைத்தான் நிறுத்த வேண்டும்.

இங்கிலாந்தின் அமைப்பையும் ஒரு வார்த்தை பார்க்கலாம். மேலே தேசியப் பிரிவுகள், அவற்றின் கீழே மண்டலப் பிரிவுகள், அவற்றுக்கும் கீழே கவுன்டி எனப்படும் மாவட்டப் பிரிவுகள். வென்றால் மேலே ஏறலாம், தோற்றால் கீழே இறங்க வேண்டும். கோட்பாட்டளவில் குக்கிராம அணியும் உச்சி வரை போகலாம். ஆனால் ஏற ஏறப் பயணம் நீள்கிறது; ஞாயிறு வேலைக்குப் போகிறவனால் சனிக்கிழமை நள்ளிரவில் வீடு திரும்ப முடிவதில்லை. அதனால் 2022இல் அமைப்பையே திருத்தி, கீழ்ப் பிரிவுகளில் பயணத்தையும் ஆட்டங்களின் எண்ணிக்கையையும் குறைத்தார்கள். பார்டர் லீக் 1901இல் தெரிந்துவைத்திருந்ததை அவர்கள் சுற்றிவந்து கற்றுக்கொண்டார்கள் என்றே எனக்குப் படுகிறது.

பார்டர் லீக்குக்கும் சோதனை வராமல் இல்லை. தேசிய லீக்கும் தொழில்முறை அணிகளும் வந்தபின் சனிக்கிழமைகள் பறிபோயின; பார்டர் லீக் ஆட்டங்கள் வார நாள் மாலைகளுக்குத் தள்ளப்பட்டன. எல்லைப்புறத்துக்கென்று உருவான தொழில்முறை அணி 2007இல் கலைக்கப்பட்டது. சம்பளம் கொடுத்த அணி போய்விட்டது, சம்பளம் கேட்காத லீக் இருக்கிறது.

இனி நம் விஷயம். நாம் நடத்துவது எல்லாம் நாக்-அவுட் போட்டிகள். 16 அணிகள் வந்தால் மொத்தம் 15 ஆட்டம். முதல் சுற்றிலேயே 8 அணிகள் மூட்டை கட்டிவிடும். நுழைவுக் கட்டணம் கட்டி, வேன் பிடித்து வந்து, ஓர் ஆட்டம் தோற்றதும் அடுத்த கிறிஸ்துமஸ் வரை அந்தப் பையன்களுக்கு ஆட்டமே இல்லை. ஆளுயரக் கோப்பைக்கும் விளக்குக்கும் ஒலிபெருக்கிக்கும் செலவிடுகிறோம். ஐந்தே அணிகள், உள்ளூரில் ஒன்று வெளியூரில் ஒன்று என்று மோதினால் ஒவ்வோர் அணிக்கும் 8 ஆட்டம், மொத்தம் 20. ஏழானால் ஒவ்வோர் அணிக்கும் 12, மொத்தம் 42. கடைசி இடத்தில் இருப்பவனும் கடைசி வாரம் வரை ஆடுவான். தோற்ற ஆட்டத்துக்கு இரண்டு மாதத்தில் தன் திடலில் பதில் சொல்லலாம் என்ற நம்பிக்கையில் பயிற்சிக்கு வருவான்.

எப்போது நடத்துவது என்பதுதான் இங்கே சிக்கலான கேள்வி. நமக்குத் தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு. ஜூனிலிருந்து டிசம்பர் வரை திடலை நம்ப முடியாது. சின்னமுட்டம் பகுதி விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன், ஜூலை. ஒரே மாவட்டத்தில் இரண்டு கணக்கு. தூத்தூர் வட்டாரத்து இளைஞர்கள் ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் கரை திரும்புவதில்லை. ஆகவே ஜனவரி நடுவில் தொடங்கி மே மாதத்துக்குள் முடிக்கலாம். கடலுக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமை, பூசையெல்லாம் முடிந்த மாலை நேரம். அணிக்கு 25 பேரைப் பதிவு செய்ய வேண்டும். பாதிப் பேர் கடலில் இருந்தாலும் அணி இறங்க வேண்டும். கிழக்கே ஒரு பிரிவு, மேற்கே ஒரு பிரிவு என்று வைத்தால் பயணமும் குறையும், தடைக்காலமும் இடிக்காது.

எந்த ஆட்டம் என்கிறீர்களா? கால்பந்தில் தொடங்குவோம். எழுவர் ரக்பியைப் பெண்கள் பிரிவில் தொடங்கலாம் என்பது என் தனி விருப்பம். கபடி ஆடும் பள்ளி மாணவிகள் இங்கே நிறைய இருக்கிறார்கள். எழுவர் ஆட்டத்துக்குக் கால்பந்துத் திடலே போதும். சரியாக விழுவதையும் பிடிப்பதையும் சொல்லித்தரத் தேர்ந்த பயிற்சியாளர் இல்லாமல் மட்டும் இறங்கக் கூடாது. கழுத்தும் தலையும் விளையாட்டுப் பொருள் அல்ல.

விதிகள் ஒரே பக்கத்தில் அடங்கட்டும். பதிவு செய்த ஆட்டக்காரர் அந்தப் பருவத்தில் ஊர் மாற முடியாது. வராத அணிக்குப் புள்ளி இல்லை. நடுவரை இரண்டு ஊருக்கும் சேராத மூன்றாவது ஊர் அனுப்ப வேண்டும். ஆட்டம் முடிந்ததும் வந்த அணிக்குச் சோறு போடுவது உள்ளூர் மன்றத்தின் கடமை. பட்டியலில் முதலிடத்துக்கு இரண்டு பேர் சமமாக நின்றால், வேறு ஊர்த் திடலில் ஒரு தீர்வு ஆட்டம். நடுவர்களுக்கு முறையான பயிற்சி வேண்டும். அதற்கு ஒவ்வொரு மன்றமும் இரண்டு பேரை இந்த மழைக்காலத்திலேயே அனுப்பி வைக்க வேண்டும், அந்தச் செலவைக் கோப்பைக்கு ஒதுக்கிய பணத்திலிருந்து எடுக்கலாம். தாள் ஒன்று வாசலருகே மேசையில் இருக்கிறது. சேர விரும்பும் ஊரின் பெயரையும், திடல் யாருக்குச் சொந்தம் என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள்.