"நூலிழையில் தப்பிய விமானங்கள்": அந்த நூல் எவ்வளவு நீளம்?

[திரையில்: காரைக்குடி, கானாடுகாத்தான் வரைபடம். மேலே இரண்டு விமானக் குறிகள், எதிரெதிர்த் திசையில்.]

வணக்கம். "நடுவானில் நெருங்கிய விமானங்கள், நூலிழையில் தப்பிய பயணிகள்" என்று ஒரு செய்தி வந்தால் போதும், நம்ம காரைக்குடிப் பக்கம் குடும்ப வாட்ஸ்அப் குழுவெல்லாம் கொதித்துவிடும். சிங்கப்பூர், மலேசியா என்று யாராவது ஒருவர் போய் வந்துகொண்டே இருக்கிற ஊர், திருச்சியில் ஏறி இறங்குகிற சனம், பயம் வரத்தான் செய்யும். எங்கள் அப்பத்தா ஒன்று கேட்டார்: "ஏண்டா தம்பி, அம்புட்டுப் பெரிய ஆகாசத்துல ரெண்டுக்கும் எடமில்லாமலா போச்சு?"

நல்ல கேள்வி. ஆகாசம் பெரிசுதான், ஓடுபாதை ஒன்றோ இரண்டோதான். பிள்ளையார்பட்டிச் சதுர்த்திக் கூட்டம் மாதிரி, எந்த ரோட்டில் வந்தாலும் கடைசியில் ஒரே வாசல். வருகிற விமானங்கள் இறங்கிக்கொண்டே ஒரே வரிசையில் சேர வேண்டும், அதே நேரம் கிளம்புகிற விமானங்கள் அவற்றின் உயரங்களைத் தாண்டித்தான் மேலே ஏற வேண்டும்.

இதற்கு ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். பக்கவாட்டில், ரேடார் பார்த்து நடத்தும்போது, விமான நிலையத்துக்கு அருகில் பொதுவாக 3 கடல் மைல், அதாவது ஐந்தரை கிலோமீட்டர். தூர வழியில் 5 கடல் மைல். அது இல்லையென்றால் உயரத்தில் 1000 அடி. இரண்டில் ஒன்று இருந்தால் போதும், இரண்டுமே குறைந்துவிட்டால்தான் "இடைவெளி மீறல்". ஆக, 4 கிலோமீட்டர் தள்ளி, 800 அடி மேலே போனாலும் கணக்கில் அது மீறல்தான், விசாரணை உண்டு, ஆனால் மோத இருந்தது என்று அர்த்தமில்லை. செய்தி போடுகிறவர்கள் இதைச் சொல்லவே மாட்டார்கள், சொன்னால் யார் கிளிக் பண்ணுவார்கள்?

சரி, ஐந்தரை கிலோமீட்டர் ரொம்ப அதிகம் என்று தோன்றுகிறதா? உயரத்தில் பறக்கும் இரண்டு ஜெட், ஒவ்வொன்றும் மணிக்கு 900 கிலோமீட்டர், நேர் எதிரே வந்தால் விநாடிக்கு அரை கிலோமீட்டர் நெருங்குகின்றன. காரைக்குடிக்கும் கானாடுகாத்தானுக்கும் நடுவில் உள்ள தூரம் அரை நிமிஷத்தில் தீர்ந்துவிடும். தரைக்குக் கிட்டே வேகம் பாதியாகக் குறையும், ஆனால் திருப்பம், இறக்கம், ரேடியோ என்று விமானிக்கு வேலை மும்மடங்கு.

வள்ளல் அழகப்பர் லண்டனில் விமானம் ஓட்டக் கற்றவர், ஜூபிடர் ஏர்வேஸ் என்று கம்பெனியே நடத்தியவர், தெரியும்தானே? இரண்டாம் உலகப்போரில் போட்ட ஓடுபாதையும் நம்ம செட்டிநாட்டில் கிடக்கிறது. அந்தக் காலத்தில் "நான் இங்கே இருக்கிறேன், இந்த உயரத்தில்" என்று விமானி ரேடியோவில் சொல்வார், தரையில் அதை எழுதிவைத்துக் கணக்குப் போடுவார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், 1996-இல் டெல்லியிலேயே நிலைமை அதிலிருந்து ரொம்பத் தள்ளிப் போயிருக்கவில்லை.

[திரையில்: ஒரே பாதை. மேலே 15,000, கீழே 14,000.]

1996 நவம்பர் 12, மாலை. சவூதி போயிங் 747 டெல்லியிலிருந்து கிளம்பி ஏறுகிறது, கஜகஸ்தானின் இல்யூஷின் 76 இறங்கி வருகிறது. போக வர ஒரே பாதை. டெல்லி ரேடார் புள்ளியைக் காட்டும், உயரத்தைக் காட்டாது. விமானி சொல்வதுதான் உயரம். சவூதிக்கு 14,000 அடி, கஜகஸ்தானுக்கு 15,000 அடி. நடுவில் அந்த ஆயிரம் அடி. எதிரே விமானம் வருகிறது என்றும் சொல்லியாயிற்று. ஆனால் கஜகஸ்தான் விமானம் 15,000-இல் நிற்காமல் கீழே இறங்கிவிட்டது. அதில் கட்டுப்பாட்டு அறையோடு பேசியது ரேடியோ ஆபரேட்டர், ஓட்டியவர்கள் வேறு. உயரம் தப்பு என்று அந்த ஆபரேட்டர் கவனித்து, ஓட்டியவர்களை மேலே ஏறச் சொன்னபோது நேரம் போய்விட்டது. ஹரியானாவில் சர்கி தாத்ரி ஊரை ஒட்டிய வயல்களில் இரண்டும் விழுந்தன. 349 பேர், ஒருவரும் பிழைக்கவில்லை.

அதற்கப்புறம்தான் போக ஒரு பாதை, வர ஒரு பாதை, உயரத்தையும் காட்டும் ரேடார், விமானத்தில் டிகாஸ் (மோதலைத் தவிர்க்க எச்சரிக்கும் கருவி) கட்டாயம் என்று வந்தது. டிகாஸ் கட்டுப்பாட்டு அறையை நம்பி இருப்பதில்லை. பக்கத்து விமானத்தில், கேட்டால் தன் உயரத்தைப் பதிலாகச் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் கருவியைத் தானே கேட்டு, நெருங்கினால் "டிராஃபிக், டிராஃபிக்" என்று எச்சரிக்கும். இன்னும் நெருங்கினால் இரண்டு கருவியும் தங்களுக்குள் பேசி முடிவுபண்ணி ஒருவரிடம் "ஏறு", மற்றவரிடம் "இறங்கு" என்று உத்தரவே போடும். உயரத்தைப் பொறுத்து 15 முதல் 35 விநாடிக்கு முன்னால்.

ஆனால் தரையிலிருந்து ஒருவர் வேறு மாதிரி சொன்னால்? 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியில் உபர்லிங்கன் மேலே அதுதான் நடந்தது. அந்த வானத்தைக் கவனித்த, சுவிட்சர்லாந்தின் சூரிக் அறையில் ஒரே ஒரு கட்டுப்பாட்டாளர் இரண்டு திரைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், பராமரிப்பு வேலைக்காகச் சில கருவிகள் நிறுத்தம். அவர் ரஷ்ய விமானத்தை இறங்கச் சொன்னார், அதன் டிகாஸ் ஏறச் சொன்னது, விமானி மனிதக் குரலைக் கேட்டார். எதிரே வந்த சரக்கு விமானமும் டிகாஸ் சொன்னபடி இறங்கியது. 71 பேர், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். இப்போது விதி தெளிவு: டிகாஸ் உத்தரவு வந்தால் அதுதான் பேச்சு, கட்டுப்பாட்டு அறைக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

நம்ம பக்கம் பெங்களூருவில், 2022 ஜனவரி 7 காலை, பக்கத்துப் பக்கத்து ஓடுபாதைகளிலிருந்து இரண்டு விமானங்கள் ஒரே சமயத்தில், ஒரே திசையில் கிளம்பின. ஒரு ஓடுபாதையை மூடுகிற முடிவு அந்தப் பக்கத்துக் கட்டுப்பாட்டாளருக்குப் போய்ச் சேரவே இல்லை. ரேடார் பார்த்தவர் கவனித்து ஆளுக்கொரு பக்கம் திருப்பிவிட்டார். என்னைக் கேட்டால், பயப்பட வேண்டிய செய்தி இதுதான். தூரத்தைவிட "நீ சொல்லியிருப்பாய் என்று நினைத்தேன்" என்பதுதான் ஆபத்து.

இன்னொன்று. ஏறத்தாழ 1000 அடிக்குக் கீழே டிகாஸ் "ஏறு, இறங்கு" உத்தரவு போடாது, இறங்கு என்றால் எங்கே இறங்குவது, தரையிலா? 2025 ஜனவரி 29-இல் வாஷிங்டனில் பயணிகள் விமானமும் ராணுவ ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் இறந்தது ஏறக்குறைய 300 அடி உயரத்தில். அங்கே கடைசி வரைக்கும் மனிதக் கண்ணும் ரேடியோவும்தான்.

[திரையில்: இறங்க வந்து, மறுபடி ஏறும் விமானம்.]

திருச்சியில் இறங்கும்போது, வயல் தெரிந்து, ரோட்டில் போகிற வண்டிகூடத் தெரிந்த நேரத்தில் இன்ஜின் சத்தம் குபீரென்று கூடி விமானம் மேலே ஏறினால், பக்கத்து சீட்டுக்காரர் முருகா என்பார். முன்னால் போனது ஓடுபாதையை விட்டு இன்னும் விலகவில்லை, இடைவெளி பத்தாது, அதனால் சுற்றி வருகிறார்கள், பல சமயம் அவ்வளவுதான். பெல்ட்டை மட்டும் கழற்றாதீர்கள். பத்துப் பதினைந்து நிமிஷம் கூடுதலாகும், வெளியே காரோடு நிற்கிற அம்மானுக்கு இறங்கியதும் ஒரு போன் போட்டுவிடுங்கள்.